வலம்பூர்ப் பிரஜை

1983-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, உலகத்தில் இல்லாத ஒரு நாட்டிலிருந்து வேலம்மாவுக்குப் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் சிவானந்தம் வழக்கம்போலக் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். தபால்தலையில் இரண்டு மீன்கள் வாலை ஊன்றி நின்று ஒரு குடையைப் பிடித்திருந்தன. குடைக்குக் கீழே பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ராஜா ஒருவர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் பக்கத்து மீன்பிடி ஊரான செகிஞ்சானில் இறால் விலை ஏறியிருந்ததால் தோட்டத் தொழிலாளர் லயத்து ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கடிதத்தை அப்புறம்தான் கவனித்தார்கள்.

வேலம்மாவின் கதையைச் சொன்னால்தான் இந்தக் கடிதத்தின் கதை விளங்கும். மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் தோட்டம் அது. பெயர் வேண்டாம், இன்றைக்கு அந்தப் பெயரில் அங்கே ஒன்றுமில்லை. சண்டைக்கு முன்னால் அதைப் பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர் நடத்தினார். அவருடைய பங்களாவில் வேலம்மாவின் தாய் அமராவதி ஆயாவாக இருந்தாள். 1941-இல், துரைசாணி தன் மகளுக்குப் படப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சமையல்கட்டுக்குப் பின்னால் அமராவதிக்கு வலி கண்டு வேலம்மா பிறந்தாள். இல்லாத நாடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு நாடு. ஒவ்வொன்றுக்கும் படம், ராஜா, சின்னம் எல்லாம் உண்டு. துரைசாணிக்கு என்ன தோன்றியதோ, திறந்திருந்த பக்கத்தின் அடியில் பேனாவால் பிள்ளையின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தாள். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை குடும்பம் ஓடியபோது அந்தப் புத்தகம் அமராவதியின் கையில் தங்கிவிட்டது. குண்டு விழுகிற நேரத்தில் எவன் போய்ப் பிறப்பைப் பதிவான்! மகள் பிறந்ததற்கு எழுத்தில் இருந்த ஒரே ஆதாரம் அதுதான் என்பதால், அமராவதி அதைச் சேலையில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தாள். வேலம்மா வளர்ந்தாள், பால் வெட்டினாள், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபின் உதிரிப்பழம் பொறுக்கினாள், கார்த்திகேசுவைக் கட்டினாள், திலகத்தைப் பெற்றாள், கார்த்திகேசுவைப் புதைத்தாள். இவ்வளவும் செய்த பிறகும் அவளிடம் இருந்தது சிவப்பு நிற அடையாள அட்டை, அதாவது சிவப்பு ஐசிதான். இங்கே இருந்துகொள், ஆனால் நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்பது அதற்கு அர்த்தம்.

அது ஒன்றும் அவளை உறுத்தியதில்லை. லயத்தில் பாதிப்பேர் சிவப்புதான். ஆனால் 1983 ஆரம்பத்தில் தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றுவிட்டார்கள், வருஷக் கடைசியில் லயத்தை இடிப்பார்கள் என்று செய்தி வந்தது. பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை வீடுகள் கட்டியிருந்தார்கள். மனுப்போடக் குடிமக்களுக்குரிய நீல ஐசி வேண்டும், வயதும் இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். திலகத்துக்கு அப்பன் வழியில் நீலம் இருந்தது, வயதுதான் பத்தொன்பது. வேலம்மாவுக்கு வயது இருந்தது, நீலம் இல்லை. அவள் நீலமாக மாறினால் தாயும் மகளும் ஒரு கூரையின் கீழ் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு மண்ணும் கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மதார் சாகிபு, மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் எழுதத் தெரியாதவர்களுக்கு மனுப் பாரம் நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷன். "பொறந்த சூராட்டு இருக்கா தங்கச்சி?" என்று பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். வேலம்மா புத்தகத்தைச் சுற்றியிருந்த சேலையைப் பிரித்தாள்.

"என்னா இது, புத்தகமால்ல இருக்கு?"

"துரைசாணி எழுதிக்குடுத்தது பாய். எங்கம்மா உசுரு மாதிரி வெச்சிருந்துச்சு."

மதார் சாகிபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பிறப்பு இறப்பையெல்லாம் புத்தகத்தில்தான் பதிந்து வைத்திருப்பான் என்று அவருக்குப் பட்டது. தலைப்பில் பெரிய அச்செழுத்து, நடுவில் சின்னம், அடியில் கையெழுத்தில் பெயர், தேதி. வேறென்ன வேண்டும்! "சிங்கமோ புலியோ மீனோ, ரெண்டு பக்கமும் ரெண்டு நின்னா அது கவுர்மெண்டு சூராட்டுதான்லா," என்று சொல்லிவிட்டு, பிறந்த இடம் என்ற கட்டத்தில் தலைப்பில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். வலோம்பர் என்று இருந்தது. அவர் வாயில் அது வலம்பூர் ஆயிற்று.

"நான் இங்கதானே பாய் பொறந்தேன்?"

"நீ வாயால சொல்றத எவன் கேப்பான்? அச்சுல உள்ளத எழுதினாத்தான் ஆபிசுல ஒத்துக்குவான்."

அச்சில் உள்ளதற்கு எதிர்ப்பேச்சு பேசி வேலம்மாவுக்குப் பழக்கமில்லை. வலம்பூர் என்று கேட்டதும் லயத்திலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி, தன் பாட்டன் நாமக்கல் பக்கம் ஒரு வலம்பூரைச் சொல்லக் கேட்டிருப்பதாகவே சாதித்தார். பதிவு ஆபிசில் விதிப்படி வலோம்பர் நாட்டுக்கு ஒரு கடிதம் போட்டு விசாரித்தார்கள். இருக்கிற நாடுகளே பதில் எழுத ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளும். இல்லாத நாடு ஏழே மாதத்தில் எழுதிவிட்டது, ஆபிசுக்கு ஒரு பிரதி, வேலம்மாவுக்கு ஒரு பிரதி, மலாயில் மொழிபெயர்ப்பும் சேர்த்து. வேலம்மா தங்கள் பிரஜைதான் என்றும், நாற்பத்திரண்டு வருஷமாகக் காணோமே என்று ராஜா கவலையாக இருந்தார் என்றும், கப்பல் அனுப்புவதாகவும் அதில் கண்டிருந்தது. இன்னொரு நாட்டுப் பிரஜைக்கு நீல ஐசி கொடுக்க விதியில்லை. சிவப்பும் கொடுக்க விதியில்லை. ஆபிசில் அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கவுண்டரில் இருந்த அழகேசன் நம்ம பையன்தான், நல்லவிதமாகவே பேசினான். "அக்கா, நாடே இல்லாம எத்தன பேரு அலையிறாங்க தெரியுமா? ஒங்களுக்கு ஒன்னு கெடச்சிருக்கு. சந்தோசப்படுங்கக்கா," என்றான். அவள் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுதியது என் தப்பு என்று மதார் சாகிபு வந்து சத்தியம் செய்தார். அந்தப் புத்தகத்தை உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அப்படியானால் அது தப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் கடைக்குத் திரும்பிப் பேனாவை இரண்டாக ஒடித்துப் போட்டார். சமையல்கட்டுக்குப் பின்னால் வேலம்மா பிறந்தபோது பங்களாவில் வேலையில் இருந்த முருகையாவும் இன்னும் மூன்று கிழங்களும் உயிரோடு இருந்தார்கள். நாலு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாட்சி சொல்லப் போனார்கள். சாட்சி சொல்ல நீல ஐசி வேண்டும். நாலும் சிவப்பு.

கப்பல் 1984 மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கோலா சிலாங்கூர் ஆற்றுக்குள் வந்தது. ஆழம் போதாத ஆறுதான், ஆனால் அது தண்ணீருக்குள் இறங்கி மிதக்கிற சாதிக் கப்பல் இல்லை. மஞ்சளும் ஊதாவும் தீட்டிய, ஒரு பக்கம் மட்டுமே உள்ள கப்பல். மறுபக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு வெறும் காகித வெள்ளைதான் தெரிந்தது. மீன்காரர்கள் படகுகளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்கள். லயத்தை இடித்து இரண்டு மாதமாக ஒரு கோயில் கொட்டகையில் படுத்திருந்த வேலம்மா, இரண்டு சேலையும் ஒரு சட்டியும் எடுத்துக்கொண்டு ஏறினாள். திலகமும் பின்னாலேயே ஏறினாள்.

"நானும் வர்றேம்மா. என்னால இங்க ஒண்டியா இருக்க முடியாது."

"நீ நீலம்டி. எறங்கு."

"எனக்கு ஒன்னும் வேணாம் அந்த நீலம்!"

வேலம்மா மகளின் கன்னத்தில் அறைந்தாள். பெற்றதிலிருந்து அதுவரை ஒருநாளும் அடித்தவள் இல்லை. பட்டியலில் திலகத்தின் பெயர் இல்லை என்று பக்கவாட்டில் பார்த்தபடியே மாலுமி பணிவாகச் சொன்னான். அவள் இறங்கியதும் கப்பல் கிளம்பியது.

திலகம் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஐந்து பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். இருபத்தொன்று ஆனபோது மனுப்போட்டாள். வீடுகள் முடிந்துவிட்டன என்றார்கள். கூட வேலைசெய்த பாலகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டாள். கப்பல் வருஷத்துக்கு ஒருமுறை, மாசியில், சொன்ன தேதி பிசகாமல் வந்தது. கிள்ளான் பஸ் நேரம் எழுதியிருக்கும் பலகையில் யாரோ அதையும் எழுதிவைத்தார்கள். இறங்குகிற ஒரே பயணி வேலம்மா. சுற்றுலாப் பயணி என்ற வகையில் அவளுக்குப் பதினான்கு நாள் அனுமதி. வலம்பூர் எப்படி என்று கேட்பவர்களுக்கு, நல்ல ஊர்தான், வெயில் இல்லை, கொசு இல்லை, ராஜாவும் தங்கமான பிள்ளை, ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒருபக்க முகம்தான், யாரும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார்கள் என்பாள். அங்கே யாருக்கும் வயதும் ஏறாது. போனபோது இருந்த நரைதான் அவளுக்கு எப்போதும் இருந்தது. திலகத்துக்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே போனது. பதினான்கு நாளும் தாய் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினைந்தாம் நாள் போய்விடுவாள்.

வலம்பூர்ப் பாஸ்போர்ட்டில் வெளிநாட்டு முத்திரை தங்காது, ஆறு மாதத்தில் மறைந்துவிடும். அதனால் படகுத்துறையில் ஒவ்வொரு வருஷமும் புதிதாகத்தான் விசாரிப்பார்கள். முதல் தடவை அவள் நான் இங்கேதான் பிறந்தேன் என்று உண்மையைச் சொன்னாள். அதை விசாரித்து முடிக்க அன்று சாயங்காலம் வரை ஓர் அறையில் உட்காரவைத்தார்கள்; பதினான்கில் ஒரு நாள் போயிற்று. அதற்குப் பிறகு அவள் சொல்வதில்லை. 1989 மாசியில் விசாரணை மேசையில் இருந்தவன் வேலைக்குப் புதிது, சிரித்த முகம், தமிழ்ப் பையன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் திலகம் மூன்று மாதப் பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றாள். வேலம்மா இன்னும் அந்தப் பிள்ளையைத் தொட்டதில்லை.

"அம்மா, மலேசியாவுக்கு மொத தடவையா வர்றீங்களா?"

"ஆமாங்கய்யா."

"மலை மேல கலங்கரை வெளக்கு இருக்கு, ஏறிப் பாருங்க. ராத்திரிக்கு ஆத்துல மின்மினிப்பூச்சி பாக்கணும். அப்புறம், செம்பனைத் தோட்டம் பாத்திருக்க மாட்டீங்களே?"

வேலம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது.

"இல்லீங்கய்யா, பாத்ததில்ல," என்றாள்.

பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பதினான்கு நாளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தான்.