கிம்புருக்குத் தைத்த துணி

பண்ணைக்காரி ஹால்பெராவுக்கு அவளுடைய கூலியாள் ஹானுஸ் தர வேண்டியது இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு குரோனா. ஒரு கிம்புரின் விலை. குட்டி போடாத இளம் ஆட்டுக்கு ஐஸ்லாந்தில் அந்தப் பெயர். ஹானுஸ் பிறந்த ஃபாரோ தீவுகளிலும் அதே பெயர்தான். பெயர் தெரிந்தவனுக்கு வேலையும் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் போன டிசம்பரில் ஹால்பெரா அவனிடம் ஊசியைக் கொடுத்தாள்.

கிடா சேர்க்கிற மாதத்தில் கிம்புர்கள்மேல் கிடா ஏற முடியாதபடி வாலை மறைத்து, சாக்குத் துணியை உடம்புக் கம்பளியோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். முதல் குளிர்காலத்திலேயே சினைப்பட்டால் சின்ன உடம்பு தாங்காது. ஹானுஸின் ஊரிலோ ஆடுகள் மலையில் தம் பாட்டுக்குத் திரியும்; யாரும் தைத்து அவன் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் போடுகிற மாதிரி நாலு தையல் போட்டான். ஒரு துணி அவிழ்ந்தது. இருக்கிறதிலேயே சிறிசுக்குச் சினை பிடித்தது.

விலையைத் தருவதாக அவனே சொன்னான். மே மாதக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தாள். பணம் போகட்டும், தன் கைத்தப்பால் ஓர் ஆடு சாகக் கூடாது என்பதுதான் அவனை அரித்தது.

மே பத்தாம் தேதி, மத்தியானக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கிம்புருக்கு வலி கண்டது. குட்டியின் தலை வந்தது, ஒரு முன்னங்கால் உள்ளே மடிந்துகொண்டது.

"நீ உள்ள கையை விடு. எனக்கு விரல் மூட்டு வீங்கிக் கெடக்கு," என்றாள் ஹால்பெரா.

"அக்கா, என் கை மம்பட்டி மாதிரி இருக்கு."

"மம்பட்டிக்கும் சோப்புப் போடலாம்டா."

கண்ணை மூடிக்கொண்டு தடவினான். காலைக் கண்டுபிடித்து நிமிர்த்தி, ஆடு முக்கும்போது மட்டும் இழுத்தான். ஆவி பறக்கக் குட்டி வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. வைக்கோல் துரும்பால் அதன் மூக்கைக் கிண்டினான், தும்மியது. கிம்புர் மிரண்டு இரண்டடி பின்வாங்கி, யாருடைய பிள்ளை என்பதுபோலப் பார்த்தது. அப்புறம் நக்கத் தொடங்கியது.

ஹால்பெரா மடியை அமுக்கிப் பார்த்தாள். பால் இருந்தது. ரெண்டும் பிழைத்துக்கொள்ளும் என்றாள்.

கை கழுவிக்கொண்டே ஹானுஸ் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தான்.

"எந்தப் பணம்? ஒத்தை ஆட்டுக்கு நட்டம் தாரேன்னு சொன்ன, இப்ப ரெண்டு நிக்குது. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா அஞ்சு மாசம் ஒழுங்காத் தூங்கியிருப்ப. டிசம்பர்ல பக்கத்துல உக்காரு, தைக்கச் சொல்லித்தாரேன்."

மாதக் கடைசியில் கூலியை ஒரு குரோனாவும் பிடிக்காமல் எண்ணிக் கொடுத்தாள்.