நான்காவது பாட்டில்

மூடியைத் திறந்து முகர்ந்த சாஹித்யா சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, ஏமிட்டி இதி? என்ன இது? லாவெண்டர்னு எழுதியிருக்க. முழுக்க நீலகிரித் தைலம்!"

சைனிக்புரி அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், கிரிஜா சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புனலும் சொட்டுக்குழாயும் கழுவிக் காய வைத்தாகிவிட்டது. "சும்மா இரு. அதுல நீலகிரி ஒரு சொட்டுகூட இல்ல. லாவெண்டரும் ஆரஞ்சும்தான்."

"நீயே மோந்து பாரு."

மகள் நீட்டிய பாட்டிலை வாங்கி கிரிஜா மூக்கருகே வைத்துக்கொண்டாள். மூக்குக்குள் ஏதோ சில்லென்று இருந்தது. அவ்வளவுதான். லாவெண்டரா, நீலகிரியா, மண்ணெண்ணெயா என்று அவளால் சொல்ல முடியாது. மூன்றரை வருடமாகவே முடியாது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. கொரோனா வந்து போன பிறகு, "வாசனை திரும்பிடுச்சா?" என்று கணவர் பிரசாத் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அடுப்படியில் கண்ணாலும் கடிகாரத்தாலும் சமைக்கப் பழகினாள். போன வருடம் நறுமண எண்ணெய்களை வைத்து கிறிஸ்துமஸ், புத்தாண்டுப் பரிசுகள் செய்ய ஆரம்பித்ததும் அந்தப் பிடிவாதத்தில்தான். எத்தனை சொட்டு, எத்தனை மில்லி என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே அளந்து கலந்தாள். வாங்கியவர்கள் எல்லோரும் வாசனையைப் புகழ்ந்தார்கள்.

"எண்ணெய் டின்னைக் காட்டு" என்றாள் சாஹித்யா.

அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு அலுமினிய டின்கள் இருந்தன. இரண்டும் பேகம் பஜாரில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அளவு. ஒன்றில் குளிருக்கு உறையாத தேங்காய் எண்ணெய். இன்னொன்றில் தரை துடைக்கும் தண்ணீரில் விடுவதற்கென்று வாங்கிய யூகலிப்டஸ் எண்ணெய், அதாவது நீலகிரித் தைலம். மேலே பேனாவால் எழுதியிருந்தது எண்ணெய்க் கை பட்டு எப்போதோ அழிந்துபோயிருந்தது. எட்டு பாட்டில் நிரப்பியதும் முதல் டின் காலியாகிவிட, இன்னொரு தேங்காய் எண்ணெய் டின் என்று நினைத்து அடுத்ததை எடுத்து மிச்சம் நான்கையும் நிரப்பியது கிரிஜாவுக்கு நினைவுக்கு வந்தது. அப்போதும் மூக்கில் சில்லென்று இருந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது, டிசம்பர் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சாஹித்யா இரண்டாவது டின்னை முகர்ந்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "இது எப்படிம்மா உனக்குத் தெரியாமப் போச்சு?"

கிரிஜாவின் வாய் கடைசி நான்கு பாட்டில்களும் எங்கே போயின என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று இதோ, வீட்டில். ஒன்று மூன்றாம் மாடி பிந்துவிடம். ஒன்று எதிர்வீட்டுச் சந்திரமோகன் சாரிடம். நான்காவது ரோஸ்லினிடம்.

ஒவ்வொரு பாட்டிலிலும் தன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். குளிர்கால மசாஜ் எண்ணெய். மார்பிலும் முதுகிலும் தாராளமாகத் தடவவும். குழந்தைகளுக்கும் ஏற்றது.

பதினெட்டு வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் அவள். கலக்காத யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும் என்று தெரியும்.

பிந்துவும் சந்திரமோகனும் இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ரோஸ்லினுக்குப் போன் போட்டாள். ஒரு தடவை அடித்ததும் நின்றது. மறுபடி போட்டாள். அதேதான். ரோஸ்லின் அவள் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள். சாஹித்யாவின் போனிலிருந்து கூப்பிட்டார்கள். தெரியாத எண் என்று எடுக்கவில்லை.

"வண்டியை எடு" என்றாள் கிரிஜா.

ரோஸ்லினும் கிரிஜாவும் போலாரத்தில் ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர் அறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். 2021 மே மாதம் ரோஸ்லினின் கணவர் தியாகு இறந்தபோது கிரிஜா அடக்கத்துக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. ஜூலையில் போன் செய்தபோது ரோஸ்லின் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "வேண்டாம்." அதோடு சரி. இந்த வருடம்தான் கிரிஜா துணிந்து, வாழ்த்து அட்டையோடு இந்த எண்ணெயை நேற்று டெலிவரி பையனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

யாப்ரால் வழியாக ஸ்கூட்டர் பறந்தது. போலாரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று வர வேண்டுமாம். பக்கத்து ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார். கிரிஜா பின்சீட்டிலிருந்து இறங்கினாள். ரோஸ்லின் வீட்டில் குழந்தை இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது ரயிலின் கடைசிப் பெட்டி கடந்ததும் கம்பம் எழும்பும் வரை காத்திராமல் குனிந்து நுழைந்து, அடுத்த தெருவிலிருந்த ரோஸ்லின் வீட்டை நோக்கி ஓடினாள். "அம்மா, ஆகு! நில்லு!" என்று சாஹித்யா பின்னாலிருந்து கத்தினாள்.

ரோஸ்லின் அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்தே கிடந்தது. மூச்சிரைக்க வாசற்படியில் வந்து நின்றவளைப் பார்த்ததும் கையிலிருந்த அச்சு அப்படியே நின்றது.

"என்ன இந்தப் பக்கம்?"

"நேத்து அனுப்பின பாட்டில் எங்க ரோஸ்?"

"அதைக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தே?"

"தப்பு பண்ணிட்டேன். அதுல இருக்கறது வெறும் யூகலிப்டஸ் ஆயில். கலக்காதது. யாரும் தொடக் கூடாது. எங்க வெச்சிருக்கே?"

ரோஸ்லினின் முகம் மாறியது. "நான் பிரிக்கவே இல்ல, மேல இருந்த சீட்டைத்தான் படிச்சேன். உன் பேரைப் பாத்ததும் நூர் பாய் கையில குடுத்துட்டேன். அவர் பேத்திக்கு நாலு நாளா சளி."

"எத்தனை வயசு?"

"ஒண்ணேகால்."

நூர் முகமது அந்த வீட்டுக்குக் காவல்காரர்; தோட்டத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் மகள் நஸ்ரீனோடும் பேத்தி மிஸ்பாவோடும் இருந்தார். இருவரும் தோட்டத்தைக் கடந்து ஓடியபோது அவர் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். "க்யா ஹுவா மேடம்?" என்று எழுந்தார்.

உள்ளே நஸ்ரீன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "தூங்கிட்டா" என்றாள் தக்கனி உருதுவில், குரலைத் தாழ்த்தி. "நல்ல எண்ணெய் மேடம். காலையில நெஞ்சு, முதுகு எல்லாம் தடவினேன். முதல்ல அழுதா, ஒருதரம் கக்கினா. இப்ப நல்லாத் தூங்கறா."

கிரிஜா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். மிஸ்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கண் இமை பாதி திறந்து மூடியது. தூக்கம் இல்லை அது. பாயில் ஓர் அகலமான எண்ணெய்க் கறை இருந்தது.

"இது எப்படி?"

"பாட்டிலைப் பாயில வெச்சுட்டுத் துணி எடுக்கத் திரும்பினேன். அவ இழுத்துட்டா." நஸ்ரீன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் மேடம் கேக்கறீங்க?"

"வாயில போச்சா?"

"தெரியல. வாயைச் சுத்தி எண்ணெயா இருந்துச்சு. தொடைச்சு விட்டேன்."

ரோஸ்லின் வாசல் பக்கம் திரும்பினாள். "உப்புத் தண்ணி கலக்கறேன். வாந்தி எடுக்க வெப்போம்."

"வேண்டாம்!" கிரிஜாவின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது, வகுப்பில் அமிலக் குப்பியைத் தவறாகப் பிடிக்கும் மாணவியைப் பார்த்துக் கத்தும் குரல். "வாந்தி வந்தா எண்ணெய் நுரையீரல்ல இறங்கிடும். எதுவும் குடுக்கக் கூடாது. சட்டையைக் கழட்டு நஸ்ரீன். ஈரத் துணியில மேல இருக்கறதை எல்லாம் தொடை. ரோஸ், காரை எடு."

அப்போதுதான் வந்து சேர்ந்த சாஹித்யாவை ரோஸ்லின் வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்லி அனுப்பினாள். மிச்சமிருந்த பாட்டிலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நூர் முகமது முன்சீட்டில் ஏறினார். யாரும் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. திருமுல்கேரி போகும் வழியெல்லாம் நஸ்ரீன் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ரோஸ்லின் சிவப்பு விளக்கு இரண்டைத் தாண்டினாள்.

குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் ஸ்ரீகாந்த் மிஸ்பாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன எண்ணெய்? எவ்வளவு?"

"யூகலிப்டஸ். லாவெண்டரும் ஆரஞ்சும் பத்துப் பதினைஞ்சு சொட்டு, மத்தது முழுக்க அதுதான்" என்று கிரிஜா பாட்டிலை நீட்டினாள். "நூறு மில்லி நிரப்பினேன். எழுபது மில்லி மிச்சம் இருக்கு. முப்பதுல பாதிக்கு மேல பாயில கொட்டியிருக்கும். கொஞ்சம் உடம்புல. உள்ளே எவ்வளவு போச்சுன்னு தெரியல. தடவி ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்."

டாக்டர் சீட்டைப் படித்தார். குழந்தைகளுக்கும் ஏற்றது. பிறகு மூடியைத் திறந்தார். அந்த அறை முழுக்க வாசனை பரவியிருக்க வேண்டும். நர்ஸ் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"இதை யார் தயாரிச்சது?"

"நான்."

"திறந்தாலே தெரியுதே அம்மா. ரோட்டுல போறவனுக்கும் தெரியும். நிரப்பறப்ப உங்களுக்குத் தெரியலையா?"

நஸ்ரீன் பார்த்தாள். நூர் முகமது பார்த்தார். ரோஸ்லின் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றாள் கிரிஜா. "கோவிட்ல போயிடுச்சு. இன்னும் திரும்பல. யார்கிட்டயும் சொல்லல." அதையே தக்கனியில் நஸ்ரீனுக்கும் சொன்னாள். எண்ணெயை மாற்றி ஊற்றியது தான்தான் என்றும், ரோஸ்லின் மேடத்துக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னாள்.

நஸ்ரீன் கத்தவில்லை. "பாஹர் ஜாவ்" என்றாள். வெளியே போ.

கிரிஜா வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் இருக்கும். உள்ளே நஸ்ரீன் அலறினாள். நர்ஸ் ஓடினாள், இன்னொரு நர்ஸ் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு ஓடினாள். கதவின் சதுரக் கண்ணாடி வழியாக கிரிஜாவுக்குத் தெரிந்தது குழந்தையின் ஒரு கால் மட்டும்தான். அது வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரின் முதுகு மறைத்தது. மறுபடி கால் தெரிந்தபோது அது அசையாமல் கிடந்தது. இழுப்பு நின்றதா, வேறு ஏதாவதா என்று புரியாமல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ அவள் முழங்கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரோஸ்லின்.

"மூச்சு இருக்கு. மருந்து ஏத்தியிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் பாக்கணுமாம்."

ரோஸ்லினும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் விரல்களில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"எப்போ வந்துச்சு உனக்கு?" என்றாள் திடீரென்று.

"எது?"

"கோவிட்."

கிரிஜா தரையைப் பார்த்தாள். "மே. தியாகு இறந்த வாரம்."

ரோஸ்லின் விரலில் இருந்த மாவைச் சுரண்டினாள்.

"எழுந்து நிக்க முடியல ரோஸ். பிளாட்ல தெரிஞ்சா பால் போடறவரைக்கூட மேல விடமாட்டாங்கன்னு பிரசாத் பயந்தார். வெளியே மூச்சு விடல. அப்புறம் உன்கிட்ட சொன்னா, சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு..."

"சாக்காத்தான் இருந்திருக்கும்" என்றாள் ரோஸ்லின். அவள் குரல் உடைந்தது, ஆனால் கோபம் போகவில்லை. "பரவால்ல, சொல்லியிருக்கலாம்ல? தொத்திக்கும்னு பயந்து நீ வரலன்னு மூணரை வருஷம் நினைச்சுட்டிருந்தேன். அந்தக் கோபத்துலதான் பிரிச்சுகூடப் பாக்காம குடுத்தேன். பிரிச்சிருந்தா எனக்கு மூக்கு இருக்கு. எனக்குத் தெரிஞ்சிருக்கும்." முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். "நீயும் வாயைத் திறக்கல. நானும் போனை எடுக்கல. அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு?"



மூன்று மணிக்கு சாஹித்யா வந்தாள். வழியிலேயே எல்லாம் யோசித்திருப்பாள் போல. "அம்மா, போன மாசம் கேஸ் லீக் ஆனப்பவும் உனக்குத் தெரியல, இல்ல?" என்று மட்டும் கேட்டாள். கிரிஜா தலையசைத்தாள். மகள் அவள் அருகில் உட்கார்ந்து தோளில் தலை சாய்த்துக்கொண்டாள்.

நான்கரைக்கு நூர் முகமது தொழுதுவிட்டு வந்தார். பெஞ்சின் மறு ஓரத்தில் அமர்ந்தார். கிரிஜா எழுந்து அவர் முன்னால் கைகூப்பினாள். "நக்கோ மேடம்" என்று, வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார். மன்னித்தேன் என்பதா, இப்போது பேசாதே என்பதா, அவளுக்குப் புரியவில்லை.

ஐந்தரை தாண்டியதும் உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. மெலிந்த, எரிச்சலான, பசித்த அழுகை. நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். டாக்டர் ஸ்ரீகாந்த் வெளியே வந்தார். "முழிச்சுட்டா. அம்மாவை அடையாளம் தெரியுது. திரும்ப வலிப்பு வரல. இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்." கிரிஜாவைப் பார்த்து நின்றார். "என்ன எண்ணெய்னு சரியா சொன்னீங்க. வாந்தி எடுக்க வைக்காம கொண்டு வந்தீங்க. அதனாலதான் தப்பிச்சுது. ஆனா அந்த மாதிரி இன்னொரு பாட்டில் வெளியே இருக்கக் கூடாது."

"இல்ல டாக்டர். எல்லாத்தையும் திரும்ப வாங்கிடறேன். நல்லதையும் சேர்த்து."

ரோஸ்லின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நூர் முகமது உள்ளே ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. நஸ்ரீன். கண்கள் வீங்கியிருந்தன. கையில் மருத்துவமனைத் தாள் ஒன்று. ரோஸ்லினைத் தாண்டி, சாஹித்யாவைத் தாண்டி, நேராகக் கிரிஜாவிடம் வந்து தாளை நீட்டினாள்.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. அப்பாவுக்கும் எனக்கும் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொல்லுங்க. எதையும் விடக் கூடாது."

கிரிஜா படித்தாள். ஒவ்வொரு வரியையும் முதலில் ஆங்கிலத்தில், பிறகு தக்கனியில். குழந்தையின் பெயர், வயது, எடை. காரணம் என்ற இடத்தில், வீட்டில் தயாரித்த எண்ணெயால் தற்செயலான நச்சு என்று இருந்தது. அதையும் படித்தாள். வலிப்பு எத்தனை விநாடி என்ற இடத்தில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள். நஸ்ரீன் கடைசி வரை கேட்டாள். தாளை வாங்கி நான்காக மடித்தாள்.

"காலையில பெரிய டாக்டர் வருவாராம். எட்டு மணிக்கு. அவரும் இங்கிலீஷ்லதான் பேசுவார்."

"வரேன்" என்றாள் கிரிஜா.

"ஏழரைக்கே வாங்க" என்று சொல்லிவிட்டு நஸ்ரீன் உள்ளே போனாள்.