ஒரு தட்டு, இரண்டு தட்டு

அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்க நானும் அம்மாவும் போடாத திட்டமில்லை. மறதி நோய் தொடங்கிவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்ன டாக்டருக்கே அப்பா பாடம் எடுத்துவிட்டு வந்தார். "ரிட்டயர் ஆகுற வரைக்கும் டவுன் பஸ் ஓட்டினவன் நான். ஒரு கீறல் உண்டா?" பகலில் சாவி சட்டைப்பையில் இருக்கும். தூங்கும்போது தலையணைக்கு அடியில்.

அம்மாவின் புலம்பல் வேறு. "மார்க்கெட் இங்க இருக்கு. இந்த மனுஷன்கூடப் போனா அரை நாள் ஆகுது. நடுநடுவுல நிறுத்திட்டு சும்மா உக்காந்திருக்காரு. ஏன்னு கேட்டா பதிலே இல்ல."

அந்த 'ஏன்' என் மண்டையைக் குடைந்தது. மறுநாள் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப் வந்ததும் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டார். ஸ்டாப்பில் ஈ, காக்காய் இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குப்பா வெயிட்டிங்?"

அப்பா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முன்சீட்டில் அம்மா பெருமூச்சு விட்டு, மடியிலிருந்த எவர்சில்வர் பாட்டிலைத் திறக்கப் போனாள். அது கதவில் இடித்தது. டக், டக். கார் கிளம்பிவிட்டது!

எனக்குப் பொறி தட்டியது. கண்டக்டர் மணி! கயிற்றை ஒருமுறை இழுத்தால் நிறுத்தணும், இரண்டுமுறை இழுத்தால் எடுக்கணும். அடுத்த ஸ்டாப்பில் மோதிரத்தால் ஜன்னலை இரண்டு தட்டு தட்டினேன். உடனே எடுத்தார். அதற்கடுத்த ஸ்டாப்பில் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். நகரவே இல்லை. புதிர் விடுபட்ட குஷியில் சிரித்துவிட்டேன்.

அம்மா முறைத்தாள். "அப்பாவ வச்சு விளையாடுறியா?"

"இல்லம்மா. அப்பா இன்னும் பஸ்தான் ஓட்டிட்டிருக்காரு."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. சிரிப்பு போய்விட்டது. மறுபடி இரண்டு தட்டு தட்டினேன்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஒழுங்காகத்தான் நின்றார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அம்மா காலடியில் வைத்த பாட்டில் சாய்ந்து கதவில் மோதியது. டக், டக்.

சிவப்பு அப்படியே எரிய, கார் நகர்ந்தது.

"அப்பா!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. ஜன்னலில் ஓங்கி ஒரே ஒரு தட்டு.

பிரேக் அடித்தார். தள்ளுவண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெண் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டட்டும், நியாயம்தான்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாரு இறங்கணும்?"

கோபமாகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "எல்லாரும் இறங்கணும்பா. இதான் கடைசி ஸ்டாப்."

"சரி."

பச்சை விழுந்ததும் சந்திப்பைத் தாண்டி ஓரங்கட்டினார். இஞ்சினை அணைத்தார். இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்காத சாவியைத் தானே உருவி என்னிடம் நீட்டினார். "பிரேக் கொஞ்சம் உள்ள போகுது, ஷெட்ல சொல்லிடு. அடுத்த டூட்டி யாரு?"

"நான்தான்பா."

இறங்கிப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அழுகை முட்டியதில் சாலையே தெரியவில்லை. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்படியும் வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

பின்னாலிருந்து கேட்டது. டக், டக்.

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.