துண்டு போட ஒரு கிளை

மாசி மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. 'சித்திரைக்கு வந்துவிடுவேன். கொல்லை வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு வை, காற்றாட உட்கார வேண்டும்' என்று பொன்ராஜ் எழுதியிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் நாகல் நகர்க் கடையில் இரண்டு நாற்காலி வாங்கினாள்.

ஒன்று அவளுக்கு. கல்யாணமாகி நாற்பது நாள்தான் சேர்ந்து இருந்தார்கள். மாமியார் நடமாடும் வீட்டில் புருஷன் எதிரே உட்காருவதாவது! கதவுக்குப் பின்னால் நின்றே நாற்பது நாளும் போயிற்று. அப்புறம் அவர் கப்பலேறினார். பாஸ்போர்ட், பர்மிட் என்று பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். அவர் பக்கத்தில் ஒரு தரம் சரிசமமாக உட்கார்ந்துவிட வேண்டும். அந்த ஏக்கம்தான் அவளை இத்தனை நாள் இழுத்து வந்தது.

மரம் கழிக்க மூக்கையா வந்தான். வெட்டும் தழையெல்லாம் அவன் ஆடுகளுக்கு என்று பேச்சு. அரிவாள் சும்மா இருக்குமா?

"ஏப்பா, மொட்டை அடிச்சுப்புடாத! சித்திரையில நெழல் வேணும். அவரு தலையில இடிக்கிற கெளைய மட்டும் எடு."

"அவரு எம்புட்டு ஒசரம்க்கா?"

பேச்சியம்மாள் திகைத்தாள். அவர் முகம் கூட நினைவில் மங்கிவிட்டது, உயரத்துக்கு எங்கே போவாள்? சட்டென்று குதிகாலைத் தூக்கி எக்கி நின்று கையை உயர்த்தினாள். மாலை மாற்றும்போது இப்படித்தான் எக்கினாள்.

"இம்புட்டு. அதுக்கு மேல ஒரு கெளைய விட்டு வை. துண்டைக் கழட்டி அதுலதான் போடுவாரு."

பங்குனியில் மரம் துளிர்த்தது. தினமும் உதிர்ந்த பூவைக் கூட்டி, இரண்டு நாற்காலியையும் துடைத்து வைத்தாள். உட்கார்ந்து பார்க்க ஆசைதான். அவர் வராமல் உட்காரக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

சித்திரையில் வந்தவரின் முதுகு வளைந்திருந்தது. மூட்டை சுமந்த முதுகு; கடிதத்தில் அதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? நேரே மரத்தடிக்குப் போனார். பழைய பழக்கத்தில் துண்டை எடுத்துக் கிளைக்குக் கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை.

"மரம் வளந்துருச்சோ?"

அவள் கிளையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமா, நல்லாத்தான் வளந்துருச்சு" என்றாள்.

துண்டை வாங்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தாள். மற்ற நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, துண்டை மடியில் வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். உட்காரு என்று அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. காத்தது போதும்.