கப்பலுக்கு முன் சில கேள்விகள்

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு வற்றிப்போயிற்று. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. சண்டை இருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்போம். "கேஸ் புக் பண்ணணும்" என்பாள் என் மனைவி. "ம்" என்பேன். "நாளைக்கு வர லேட்டாகும்" என்பேன். "ம்" என்பாள். அதோடு அன்றைய கணக்கு முடிந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க ஊராரோடு பேசித் தொண்டை கட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றினால் டிவி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைக்கு எதிரே ஒரு டிராவல்ஸ். அதன் கண்ணாடியில், கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜோடி சிரிக்கிற படம். விளம்பரத்தில் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. என் கடை வாசலிலும் ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்குப் பார்வைக் கோளாறு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தப் படத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு ஆசை வேர்விட்டது. நடுக்கடலில் போனுக்கு டவர் இருக்காது. பால்காரன் வரமாட்டான். அடுப்பு இருக்காது. ஒரே அறையில் நானும் அவளும். அவள் என்னோடு பேசித்தானே ஆகவேண்டும்?

ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எதிரே போனேன்.

டிராவல்ஸ் நடத்துகிற அம்மாள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். தீவுகளைச் சுற்றிவரும் கப்பல், மனைவிக்குத் தெரியாமல் டிக்கெட் போட்டு அசத்தவேண்டும் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"ஒருத்தர் வந்து ரெண்டு பேருக்குக் கேட்டா நான் போடறதில்ல சார். கப்பல் கிளம்புறதுக்குள்ள அவங்களுக்குள்ள சண்டை வந்து, திட்டு எனக்குத்தான் விழுது."

"எங்களுக்குள்ள சண்டையே வராதும்மா."

"அப்ப இன்னும் மோசம்" என்றாள். பிறகு மனசு இளகி, "சரி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க, பாக்கலாம். அவங்களுக்கு வண்டில போனா தலை சுத்துமா? சுத்தும்னா கீழ்த்தளத்துல நடுவுல ரூம் எடுக்கணும், அங்கதான் ஆட்டம் கம்மி. சின்னத் தீவுக்குப் பக்கத்துல கப்பல் போகாது, ஏணில இறங்கிப் படகுல ஏறணும். முட்டி ஒத்துழைக்குமா? தண்ணின்னா பயமா? ஜன்னல் வேணுமா, இல்ல இருட்டா இருந்தாத்தான் தூக்கம் வருமா?"

ஊரில் பாதிப்பேரின் கண் பவர் எனக்கு மனப்பாடம். கட்டினவளைப் பற்றிக் கேட்டால் ஒன்றுக்கும் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது.

"கேட்டுட்டு வாங்க சார். கப்பல் எங்கயும் ஓடிடாது" என்றாள்.

நேரடியாகக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் அன்று சாப்பிடும்போது நைசாக ஆரம்பித்தேன்.

"உனக்கு பஸ்ல போனா தலை சுத்துமா?"

"ஏன், யாருக்கு உடம்பு சரியில்ல?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினாள். "முட்டி வலிக்குதா?" என்றேன்.

"ஏறும்போது தெரியல. இறங்கும்போதுதான் உயிர் போகுது."

"எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக அந்தப் படியில் அவள் இறங்கும்போதெல்லாம் நான் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுருக்கோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கேள்வியும் பதிலும் நடந்திருக்கிறதே! அந்தத் தெம்பில் சமையலறை வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"தண்ணின்னா உனக்கு பயமா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. என் பேர்ல இன்ஷூரன்ஸ் ஏதாவது போடப் போறீங்களா?"

வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன். கப்பல், தீவுகள், ஜன்னல் வைத்த அறை எல்லாம்.

"கப்பலா? நாமளா?" அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் வரப்போகிறாள் என்றே நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அக்கா! கப்பல்ல போறோம்டி! நீயும் அத்தானும் கண்டிப்பா வர்றீங்க, ஒண்ணும் பேசாத!"

அவளுடைய அக்காள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். இரண்டு பேருக்கும் தினமும் போன் பேச்சு உண்டு என்பது தெரியும். என்ன பேசுவார்கள் என்று நான் காது கொடுத்ததில்லை. அன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கரை சின்னதாகிக்கொண்டே போவதைக் கப்பலிலிருந்து பார்க்கவேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசையாம். பஸ்ஸில் தலை சுற்றுமாம், அதனால்தான் எங்கே போனாலும் பட்டினியாகக் கிளம்புவாளாம். தண்ணீரைக் கண்டு பயமே இல்லையாம். நான் மென்று விழுங்கிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அருவியாகக் கொட்டியது, போனுக்குள்.

போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அக்காளும் சகலையும் பக்கத்து அறையில் இருந்துவிட்டுப் போகிறார்கள். இரவில் கதவைச் சாத்தினால் நாங்கள் இருவர்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாக டிராவல்ஸுக்குப் போனோம். சகலை ஏசிக்கு நேராக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். அக்காளும் தங்கையும் மேஜைமேல் கவிழ்ந்துகொண்டு, கப்பலின் படத்தில் விரல் வைத்து, எங்கே சாப்பாடு, எங்கே படி, எந்தத் தீவில் ஏணி இல்லாமலே இறங்கலாம் என்று துளைத்தெடுத்தார்கள். டிராவல்ஸ் அம்மாளுக்கு ஒரே உற்சாகம்.

"இவங்க வந்ததும் வேலை எவ்வளவு சுலபமாச்சு பாத்தீங்களா சார்? சரி, ரெண்டு ரூம். யார் யாருக்கு எதுன்னு பேர் போட்டுரலாமா?"

"நானும் அக்காவும் ஒண்ணு" என்றாள் என் மனைவி, பட்டென்று. "இவரும் அத்தானும் ஒண்ணு."

"அதான் சரி. விடிய விடிய பேசலாம்" என்றாள் அக்காள்.

டிராவல்ஸ் அம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "சாருக்கு ஓகேவா?"

"அவரை ஏங்க கேக்கறீங்க? எங்க உக்கார வச்சாலும் பேசாம இருப்பாரு. அவரால ஒரு தொந்தரவும் கிடையாது" என்றாள் மனைவி. நக்கலாகச் சொல்லவில்லை. வெளியாட்களிடம் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிற குரல் அது.

இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. அவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்.

"நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருப்போம்னு நெனச்சேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கேலியில்லை. நிஜமாகவே விளங்காத முகம்.

"எதுக்கு?" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த காரணம்! மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினேன், மறுபடி திறந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், உண்மையிலேயே காத்திருந்தாள். பிறகு அக்காள் ஏதோ கேட்க, படத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

டிராவல்ஸ் அம்மாள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "உங்க ரூம்ல கட்டிலைத் தனித்தனியா போடச் சொல்லிடறேன் சார்."

"ம்" என்றேன்.