மூடாத டிக்கி

போன வருஷம் மலைப்பாதையில் ஒரு அற்ப ஃபேன் பெல்ட் அறுந்து, கொட்டுகிற மழையில் நான்கு மணி நேரம் நின்றோம். பின்சீட்டில் என் மகளுக்கு அனலாகக் கொதிக்கும் காய்ச்சல். செத்துச் செத்துப் பிழைத்தேன். அன்றிலிருந்து என் அறுபது வயசுக் காரை என் மனைவி 'உங்க மூத்த சம்சாரம்' என்றுதான் சொல்வாள்.

இப்போது அதே மலையைத் தாண்டி என் தங்கை வீட்டுக்குப் போகவேண்டும். வேறு வண்டி கிடையாது. மூன்று நாளாக டிக்கியை நிரப்பினேன். ஃபேன் பெல்ட் இரண்டு, ரேடியேட்டர் ஹோஸ், ஸ்பார்க் ப்ளக், இக்னிஷன் காயில், ஒயர், டேப், ஸ்பானர் பெட்டி, இரண்டு ஜாக்கி, கட்டி இழுக்கக் கயிறு, ஆயில், தண்ணீர் கேன் மூன்று. ஒன்றை வைத்துவிட்டு வந்து படுத்தால் இன்னொன்று உடைவதுபோல் தோன்றும். எழுந்து போய் அதையும் வைப்பேன்.

"ஒரு மெக்கானிக்கையும் மடிச்சு உள்ள வச்சிருங்க. அந்தக் குறை எதுக்கு?" என்றாள் மனைவி.

"கிண்டலா? வழியில நின்னா முதல்ல வாய்க்கு வந்தபடி திட்டப்போறது நீதான்."

"திட்டறதோட விட்டாப் பரவால்ல. நம்ம பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மூத்தவளை எடைக்குப் போட்டுருவேன், பாத்துக்கோங்க."

பேச்சுதான் அப்படி. கிளம்பும்போது கம்பளி, மருந்து, மாற்றுத் துணி என்று அவளும் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து திணித்தாள். டிக்கி மூடவில்லை. உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். ஒரு சாண் இடைவெளி அப்படியே நின்றது.

"எதையாவது எடுத்துருங்களேன்."

எதை எடுப்பது? வெளியே எடுத்துப்போடுகிற சாமான்தான் வழியில் தேவைப்படும். அது என் ராசி. மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மலை ஏறும்போது தூறல் பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். என் காது முழுக்க இன்ஜினில்தான் இருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் உடனே வேகத்தைக் குறைத்துக் கவனித்தேன்.

பின்சீட்டில் என் மகள். ஆறு வயசு. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்பா, தலை வலிக்குது."

"வளைவு வளைவாப் போறோம்ல, அப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிப் படுத்துக்கோடா."

புகை வாசனை அடித்ததா? அடித்தது. பத்து வருஷமாக இந்தக் காரில் போகிறவர்களுக்கு அது வீட்டு வாசனை. பழைய வண்டி என்றால் இருக்கத்தான் செய்யும். பக்கத்தில் மனைவி கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. பயத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாலு, அங்க பாரு அருவி," என்றாள் மனைவி. பதில் இல்லை. திரும்பிப் பார்த்து, கையை நீட்டி உலுக்கினாள். "ஏங்க! இவ எழுந்திருக்க மாட்டேங்கறாங்க!"

ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். கதகதவென்று சைலன்சர் புகை முகத்தில் அடித்தது.

ஐயோ! டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் அந்த விஷப்புகையை உள்ளே இழுக்கும். சீட்டுக்குப் பின்னாலிருக்கிற சந்துகள் வழியாக நேரே பின்சீட்டுக்கு வரும். பழைய கார் வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் அந்தப் புத்தி மழுங்கிக் கிடந்தது. பாவி, என் கையாலேயே கட்டினேன்.

தூக்கி வெளியே கொண்டுவந்தோம். கையும் காலும் துவண்டு தொங்கின. மனைவி அவள் மூக்கருகே கன்னத்தை வைத்தாள். "மூச்சு இருக்கு. இருக்குங்க. ஓட்டுங்க!"

ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு கிலோமீட்டர். கயிற்றை அறுத்து, டிக்கியிலிருந்த அத்தனையையும் ரோட்டோரம் வாரி எறிந்தேன். மூடி சட்டென்று பூட்டிக்கொண்டது. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன். இப்போது ஒரு ஒயர் அறுந்தாலும் என்னிடம் ஒன்றும் இல்லை. "நின்னுடாத, நின்னுடாத" என்று ஸ்டீயரிங்கிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். பின்னால் மனைவி அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "கண்ணைத் திறடி, என் தங்கமே" என்று அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

வண்டி நிற்கவில்லை.

முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்தேன். வாலு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நான் நடந்து வர்றேன்ப்பா."

"அத்தை வீடு ரொம்ப தூரம்டா கண்ணு."

"பரவால்ல." அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நீயும் ஏறாத."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் என் சட்டையைப் பற்றினாள்.

"நீங்களும் ஏறாதீங்கப்பா."

கதவைச் சாத்தினேன். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க மூன்று பேருமாகப் போனோம்.