சூடு ஆறாத பானட்

"கை வச்சுப் பாருக்கா. சுடுதா இல்லையா?" என்றான் மரியசெல்வம், அக்காவின் காதோரமாக.

ஜெயமேரி ஜீப்பின் பானட்டில் உள்ளங்கையை வைத்தாள். இறக்கி வைத்துச் செத்த நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது.

"சுடுதுடா. அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? பழைய டீசல் வண்டி வாங்கப் போனா மொத வேலையே இதுதான். நாம வாரதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வச்சிருக்காக. சூடா இருந்தா எப்பேர்ப்பட்ட ஓட்டை வண்டியும் ஒரே தட்டுல கிளம்பும். குளுந்து கெடக்கும்போது கிளம்புதான்னுதான் பாக்கணும்."

"மெதுவாப் பேசு, பாய் வாரார்."

தோல் வியாபாரி அப்துல் லத்தீப் வெள்ளைக் கைலியும் முழுக்கைச் சட்டையுமாகப் படியிறங்கி வந்தார். பேகம்பூர்ச் சந்துக்குள் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது அந்த வண்டி. அவர் சாவியைத் திருகியதுதான் தாமதம், உறுமிக்கொண்டு கிளம்பியது.

"எப்படி?" என்றார்.

"தங்கம் பாய்!" என்றான் ஜெயமேரியின் புருஷன் பாஸ்கல். அவன் எதைப் பார்த்தாலும் தங்கம் என்பான். போன வருஷம் வாடகைக்குப் பிடித்த வேனையும் அப்படித்தான் சொன்னான். அந்தத் தங்கம்தான் சித்தையன்கோட்டைக் கல்யாணத்துக்குப் போகும் வழியில், அண்டா நிறைய இட்லியோடும் சாம்பாரோடும் நடுரோட்டில் படுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பன்னும் வாழைப்பழமும் தின்றுவிட்டுத் தாலி கட்டப் போனார்கள். அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சு. "ஜெயமேரி சமையல் ருசிதான், ஆனா வந்து சேரணுமே!"

வந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. தை மாசம் நத்தத்தில் மாந்தோப்புக்காரர் காத்தமுத்து வீட்டுக் காதுகுத்து. விடிந்ததும் பந்தி, இட்லியும் குடல் குழம்பும். "இந்தத் தடவையும் சோறு வழியில நின்னுச்சுன்னா, அப்புறம் நீ கரண்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுற வேண்டியதுதான் தாயி" என்று அவர் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

அதனால் ஜெயமேரிக்கு வண்டியின் நிறம் வேண்டாம், சீட்டு வேண்டாம். மார்கழி, தைப் பனியில் இருட்டு விலகும் முன்னே அது கிளம்ப வேண்டும். அம்புட்டுதான்.

மரியசெல்வம் ஒரு பட்டறையில் மூன்று மாசம் வேலை பார்த்தவன், ஆனால் பேச்சு முப்பது வருஷத்துக்கு இருக்கும். ஆயில் மூடியைத் திறந்து காட்டினான். "பாருக்கா, புகை வருது. இஞ்சின் போச்சு."

லத்தீப் எட்டிப் பார்த்தார். "டீசல் வண்டின்னா லேசா ஆவி வரத்தான தம்பி செய்யும்?"

தெருவில் போன ஒருத்தர் நின்று, "இந்த வண்டியா? மலை மாதிரி வண்டில்ல!" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர், "வத்தலக்குண்டுல வச்சு நாங்க தள்ளுனதை மறந்துட்டியா?" என்றார். "அது டீசல் தீந்து போயித்தானப்பா நின்னுச்சு!" என்று முதல் ஆள் சொல்ல, பேசிக்கொண்டே இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

ஜெயமேரிக்குத் தலை சுற்றியது. எவர் சொல்வதைக் கேட்டாலும் சரியாகத்தான் படுகிறது.

"சொல்லாம கொள்ளாம விடியக்காலையில போயி நிப்போம்" என்றான் மரியசெல்வம். இரண்டு நாள் கழித்து அப்படியே போய் நின்றார்கள். பனி கொட்டியது. ஜெயமேரி வாசலைக்கூடத் தட்டவில்லை, நேரே போய்ப் பானட்டைத் தொட்டாள்.

சுட்டது.

"இதென்னடா, நாம வாரது இந்தாளுக்குக் கனவுல தெரியுதா?"

"எம்டன் அக்கா, எம்டன்!"

சத்தம் கேட்டு வெளியே வந்த லத்தீப் கோபப்படவில்லை. "இம்புட்டு யோசனையா தங்கச்சி? அப்ப ஒண்ணு செய்யுங்க. வண்டியை உங்க வீட்டுக்கே கொண்டு போங்க. ஒரு ராத்திரி நிக்கட்டும். மனசுக்குப் பிடிச்சா வச்சுக்கங்க, இல்லாட்டி சாவியைக் கொண்டாந்து குடுங்க" என்று கையிலேயே சாவியை வைத்தார்.

ஓட்டை வண்டி என்றால் இப்படிக் கொடுப்பாரா? இல்லை, கொடுத்தால்தான் சந்தேகம் போகும் என்று கொடுக்கிறாரா? மேட்டுப்பட்டியில் வீடு வந்து சேரும்வரை அவளுக்கு இதே யோசனை.

அன்றைக்கு ராத்திரி சமையல் வேலை எதுவும் இல்லை. வண்டி வீட்டுக்கு முன்னால் பனியில் நன்றாகக் குளிர்ந்து நிற்கட்டும் என்று விட்டார்கள். "காலையில நான் எந்திரிச்சு வந்து, கையை வச்சுப் பாத்த பிறகுதான் சாவி போடணும்" என்று பாஸ்கலிடம் கட்டளை போட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் எழுந்து வந்தால் வண்டியைக் காணோம். வாசலே வெறிச்சென்று கிடந்தது. நெஞ்சில் கையை வைத்தபடி அவள் நின்றுகொண்டிருக்கையில் தெருமுனையில் அது திரும்பியது. முன்னால் சாமந்தி மாலை, கண்ணாடியில் எழுநூற்றி எண்பத்தாறு ஸ்டிக்கர், அதன் பக்கத்தில் புதுசாக ஒரு அந்தோணியார் படம். உள்ளே கையில் ஜெபமாலையோடு பாஸ்கல்.

"எங்க போனீக?"

"மொதப் பூசைக்கு. சாமியார் நாளைக்கு வெளியூர் போறாராம், வர ஒரு மாசம் ஆகுமாம். அதான் கையோட மந்திரிச்சுட்டேன். தீர்த்தம் தெளிச்சார், டயரைக்கூட விடல."

"அட எம் மாதாவே! இன்னும் வாங்கவே இல்லையேங்க!"

"வாங்கத்தான போறோம்?"

அவள் பானட்டைத் தொட்டாள். நல்ல சூடு.

"சரி, குளுந்து கெடந்த வண்டி எத்தனை தட்டுல கிளம்புச்சு? அதையாச்சும் சொல்லுங்க."

பாஸ்கல் தலையைச் சொறிந்தான். "எண்ணலையேடி. நான் ஜெபமாலை சொல்லிக்கிட்டில்ல இருந்தேன்? மூணாவது மங்கள வார்த்தைக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல கிளம்பிருச்சு."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் எதிர்வீட்டு ராமுத்தாய் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஜெயா, வண்டி வாங்கிட்டீகளாமே! மிட்டாய் எங்க?" பூசைக்குப் போன அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். மந்திரித்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், என்ன கோளாறோ என்று ஊர் கேட்கும். பாவம், பாயால் அதை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. வைத்துக்கொண்டாலோ, நத்தம் போக வேண்டிய குடல் குழம்பு என்ன ஆகும்?

பத்து மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகவே பேகம்பூருக்கு நடந்தாள். லத்தீப்பின் வீட்டுக்காரி நசீம் பானு நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

"பாய், மனசுல வச்சுக்கிட்டு அலைய ஏலல. நேராவே கேக்குறேன். பனியில இது கிளம்புமா, கிளம்பாதா?"

லத்தீப் சிரித்துவிட்டார். "இதை மொத நாளே கேட்டிருக்கலாமே தங்கச்சி! தொட்டுப் பாக்குறீக, மோந்து பாக்குறீக, எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. பனியில மொதத் தட்டுல பிடிக்காது. மூணு, நாலு ஆகும். சாவி போட்டதும் ஹீட்டர் லைட்டு எரியும், அது அணையிற வரைக்கும் பொறுக்கணும். அவசரப்பட்டா கோவிச்சுக்கும்."

"கிளம்பாமயே போனது உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்ப ஏன் நாங்க வாரப்பல்லாம் சூடேத்தி வச்சிருந்தீக?"

நசீம் பானுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நல்லா கேட்டீக போங்க! விருந்தாளி வாராகன்னா டீயைச் சூடா வைக்க மாட்டமா? உங்க முன்னாடி அது இருமிக்கிட்டு நின்னா எங்க வீட்டுக்கில்ல கேவலம்?"

"ரெண்டாவது தடவை நாங்க சொல்லாமத்தான வந்தோம்?"

"அன்னிக்கு எங்க அண்ணனை ரயிலேத்திவிட்டு இவர் அப்பத்தான் வந்து நின்னார்."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் ஜெயமேரியைக் குழப்பியது. கோளாறை ஒத்துக்கொண்ட மனுஷனை நம்புவதா? மரியசெல்வத்திடம் சொன்னபோது அவன், "சின்னதைச் சொல்லிப் பெருசை மறைக்கிறாகக்கா" என்றான். பாஸ்கல், "தங்கமான மனுஷன்" என்றான். யாரிடமும் கேட்காமல் இருந்திருந்தால் இதைவிடத் தெளிவாக இருந்திருக்குமோ என்று தோன்றியது. ஆனாலும் விடிந்தால் காதுகுத்து. சாவியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அன்று ராத்திரி முழுக்க வீட்டுக் கொட்டகையில் அடுப்பெரிந்தது. சாமான் ஏற்றத் தோதாக வண்டியைக் கொட்டகைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். கிளம்பும் நேரம் வந்தது. குழம்பு அண்டாவும் இட்லிக் கூடைகளும் ஏறின. வெளியே பேச்சோடு சேர்ந்து புகையாக வரும் அளவுக்குப் பனி.

"ஹீட்டர் லைட்டு அணையட்டும். இன்னிக்கு ஜெபமாலை வேண்டாம், எண்ணுங்க" என்றாள்.

"மூணு தட்டுலயும் பிடிக்கலைன்னா?" என்றான் மரியசெல்வம்.

"வாயைக் கழுவுடா!"

லைட் அணைந்தது. பாஸ்கல் சாவியைத் திருகினான்.

முதல் தட்டிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மரியசெல்வத்துக்குத்தான் முகம் செத்துவிட்டது. "மூணு, நாலுன்னு சொன்னாரே! பொய்யில்ல சொல்லியிருக்கார்!"

"நல்லது நடந்தா அதுலயும் பொய் பாக்குறியேடா" என்றாலும் ஜெயமேரியின் கை தன்னால் பானட்டுக்குப் போனது. வெதுவெதுவென்று இருந்தது.

"ஏங்க, ராத்திரி எடுத்தீகளா இதை?"

"அந்தோணியார் சத்தியமா இல்ல!"

அவள் பக்கத்துச் சுவரைத் தொட்டாள். அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாலு அடுப்பும் விடிய விடிய எரிந்து, இப்போதுதான் கங்காகிக் கிடந்தன. மறுபடியும் பானட்டைத் தொட்டாள்.

"ஏறுடி, நேரமாகுது!"

நத்தத்தில் பந்திக்கு இலை போடும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். காத்தமுத்து அண்டா மூடியைத் திறந்து ஆவியை மோந்து பார்த்துவிட்டு, "வந்துட்டியே தாயி!" என்றார். பங்குனிக்கும் ஒரு விருந்து இருக்கிறது என்று அங்கேயே சொல்லி வைத்தார்.

திரும்பி வரும்போது மரியசெல்வம் விடவில்லை. "அப்ப இது நல்ல வண்டியாக்கா, மோசமான வண்டியா?"

"தெரியலடா."

"அடுப்பு எரியாத நாள்ல கிளம்பலைன்னா?"

"அடுப்பு எரியாத நாள்ல எனக்கெதுக்குடா வண்டி?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடுப்பெல்லாம் ஆறிக் கிடந்தது. வண்டி முழுக்கப் பனி பூத்திருந்தது. பாஸ்கல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"அதைத் தொடாதீக. நடந்தே போவோம்" என்றாள் ஜெயமேரி. பானட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலைப் பார்த்து அவனுக்கு முன்னால் நடந்தாள்.